உங்களுக்குத் தெரியுமா? தலைக்குள் தேரை, செருப்பில் சேதி

◆ விழுப்புரத்துக்குப் பக்கத்துத் திருவாமாத்தூருக்குக் கலம்பகம் பாடியவர்கள் இரட்டைப் புலவர்கள். ஒருவருக்குக் கால் நடக்காது, இன்னொருவருக்குக் கண் தெரியாது. நடக்க முடியாதவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு பார்வையில்லாதவர் நடப்பார். மேலே இருப்பவர் வழி சொல்வார். பாட்டும் அப்படித்தான், ஒருவர் எடுக்க மற்றவர் முடிப்பார். அபிராமேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள் வட்டப்பாறையைப் பார்த்துவிட்டு இவர்கள் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அந்தப் பாறையில் பொய்ச் சத்தியம் செய்தால் தப்ப முடியாது என்பது ஊர் நம்பிக்கை. 'அவருக்குக் கால் ஏன் நடக்கவில்லை?' என்று மட்டும் யாரும் கேட்டு வைக்கவில்லை. இந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். மூளையிலும் தண்டுவடத்திலும் அபூர்வமாக வரும் கோளாறுகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்போது கத்தியை எடுக்கிறார்கள், எப்போது கீழே வைக்கிறார்கள் என்று பார்ப்போம்.

◆ தீராத தலைவலியோடு வந்த அரசன் ஒருவனின் மண்டையை அகத்தியர் திறந்தாராம். உள்ளே ஒரு தேரை மூளையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். இழுத்தால் மூளையோடு வரும். பக்கத்தில் நின்ற சீடர் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து சலசலக்க வைத்தார். சத்தம் கேட்டுத் தேரை தானாகத் துள்ளி நீரில் விழுந்தது. சீடருக்குத் தேரையர் என்று பேர் வந்தது. சித்தர் கதைதான். ஆனாலும் இழுக்கக் கூடாது என்று புரிந்துகொண்ட அந்தச் சீடரை எந்த அறுவை அரங்கிலும் சேர்த்துக்கொள்வார்கள்.

◆ தலைக்குள் உயிருள்ள ஒன்று இருந்த கதை நமக்கு மட்டும் சொந்தமில்லை. புத்தரின் மருத்துவர் ஜீவகர், ராஜகிருகத்து வணிகர் ஒருவரின் மண்டையைத் திறந்து இரண்டு புழுக்களை எடுத்துக் காட்டியதாகப் பாலி வினயபிடகம் சொல்கிறது. போஜராஜன் தலையிலிருந்து மீன்குஞ்சு எடுத்த கதை வடமொழியில் உண்டு. காஷ்மீரின் புர்சாஹோமில் கிடைத்த கற்கால மண்டையோட்டிலோ கதை இல்லை, நிஜமான துளைகளே இருக்கின்றன.

◆ சரி, நிஜத்தில் தலைக்குள் புழு இருக்குமா? இருக்கும். அதைச் சரியாக அடையாளம் காட்டியதில் பெரும் பங்கு வேலூர் சி.எம்.சி.க்கு உண்டு. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி போகிற ரயிலில், பழைய ஸ்கேன் படங்களை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நம் ஊர்க்காரர்கள் போகிறார்களே, அதே ஆஸ்பத்திரிதான்.

சி.டி. ஸ்கேன் இந்தியாவுக்கு வந்த பிறகு டாக்டர்களைக் குழப்பிய விஷயம் ஒன்று இருந்தது. இளைஞர் ஒருவர் முதல்முறை வலிப்பு வந்து வருவார். ஸ்கேனில் மூளைக்குள் ஒரே ஒரு சின்ன வளையம், சுற்றிலும் வீக்கம். நம் நாட்டில் இப்படித் தெரிந்தால் காசநோய்க் கட்டி என்றே முதலில் தோன்றும். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுப்பார்கள். மறு ஸ்கேனில் வளையம் காணாமல் போயிருக்கும். மாத்திரைக்குப் பேர் கிடைக்கும். ஆனால் மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் அது காணாமல் போனது! 1980களின் கடைசியிலும் 1990களிலும் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலான வேலூர் டாக்டர்கள் அந்தக் கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு. காசநோய் இல்லை. புழு செத்துக்கொண்டிருக்கும்போது உடம்பு அதோடு போடும் சண்டைதான் அந்த வளையம்.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் முக்கியம். எந்த வளையத்தைத் தொடாமல் விடலாம் என்று அளவுகோல் வகுத்தார்கள். 20 மில்லிமீட்டருக்குக் குறைவு, ஒற்றைக் கட்டி, கை கால் பலவீனம் கூடிக்கொண்டே போகவில்லை, மண்டைக்குள் அழுத்தம் ஏறவில்லை, உடம்பில் வேறெங்கும் நோயில்லை என்றால் வலிப்பு மாத்திரை கொடுத்துக் காத்திருக்கலாம். எத்தனையோ மண்டைகள் திறக்கப்படாமல் தப்பின. நரம்பு அறுவைப் பிரிவு ஒன்றின் பெரிய சாதனை, தேவையில்லாத அறுவையை நிறுத்தியது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

◆ இதில் இன்னொரு சங்கதி: மூளைப்புழு பன்றிக்கறி சாப்பிடுகிறவருக்குத்தான் வரும் என்று நினைக்கிறோம். சரியாக வேகாத கறி சாப்பிட்டால் வயிற்றில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டை. அது மலத்தோடு வெளியேறி, கழுவாத கை, கீரை, தண்ணீர் வழியாக இன்னொருவர் வாய்க்குப் போகிறது. எனவே முட்டையைக்கூடத் தொடாத சைவருக்கும் மூளையில் புழு வரலாம்.

◆ 'செருப்பு நழுவுதா?' நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி காதில் விழும். அதற்கு அடுத்த கேள்விதான் கூர்மையானது: 'நழுவுறது தெரியுதா, தெரியாமலே நழுவுதா?' தெரிந்தே நழுவினால் விரல்களின் பிடி தளர்ந்திருக்கிறது, அதாவது பலவீனம். நாலு அடி தள்ளிப் போன பிறகு யாரோ கூப்பிட்டு 'அண்ணே, செருப்பு' என்று சொல்லித்தான் தெரிகிறது என்றால் உணர்ச்சி போயிருக்கிறது. கழுத்தெலும்புக்குள் தண்டுவடம் நெருக்கப்படுகிறதா, பாத நரம்பு பழுதா என்று யோசிக்க இந்த ஒரு பதில் வழிகாட்டும். ஷூ கட்டிக்கொண்டு திரியும் நாட்டுப் பாடப்புத்தகத்தில் இது கிடைக்காது.

கேள்விகள் இப்படியே வீட்டுக்குள் போகும். சட்டைப் பித்தான் போட முடிகிறதா? சோறு பிசைந்து உருட்ட வருகிறதா? தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? குளிக்கும்போது கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் சாய்கிறீர்களா? கடைசிக் கேள்வி லேசானதல்ல. கால் எங்கே இருக்கிறது என்ற சேதி தண்டுவடத்தின் பின்பக்க வழியாக மூளைக்குப் போகவில்லை என்றால், அதைக் கண்தான் ஈடுகட்டிக்கொண்டிருக்கும். கண்ணை மூடியதும் வண்டவாளம் தெரிந்துவிடும்.

◆ டாக்டர் மோட்டார்சைக்கிள் சாவியை எடுத்து உள்ளங்காலில் குதிகாலிலிருந்து மேல்நோக்கிக் கோடு போட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பெருவிரல் கீழே மடங்கினால் சரி. மேலே நிமிர்ந்து மற்ற விரல்கள் விசிறிபோல் விரிந்தால் மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு. பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி இதை 1896இல் வெளியிட்டார். கட்டுரையின் நீளம் 28 வரிகள். கைக்குழந்தைக்கு விரல் மேலே போவது இயல்பு.

◆ தண்டுவடக் கட்டியை முதன்முதலில் வெற்றியாக அகற்றியது 1887 ஜூன் மாதம், லண்டனில். ராணுவ அதிகாரி ஒருவர் மூன்று ஆண்டுகளாக முதுகுவலியோடு அலைந்தார். கடைசியில் இரண்டு காலும் விழுந்துவிட்டன. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படவே இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் உடம்பில் எந்தக் கோட்டுக்குக் கீழே உணர்ச்சியில்லை என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, கட்டி இன்ன இடம் என்று குறித்துக் கொடுத்தார். விக்டர் ஹார்ஸ்லி திறந்தார். குறித்த இடத்தில் ஒன்றுமில்லை. இன்னும் ஓர் எலும்பு மேலே, இன்னும் ஒன்று மேலே என்று போனபோது, பாதாம் பருப்பு அளவில் கட்டி உட்கார்ந்திருந்தது. நோயாளி எழுந்து நடந்தார். வழி சொன்னவர் ஒருவர், நடத்திக் காட்டியவர் ஒருவர். திருவாமாத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

◆ சூடான தோசைக்கல்லில் கை பட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் பார்க்கிறார். சுட்டது தெரியவே இல்லை. ஆனால் கல்லைத் தொட்டது தெரிந்தது! இப்படி ஒருவர் சொன்னால் தண்டுவடத்தின் நடுவே நீர்க்குழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலியையும் சூட்டையும் கொண்டுபோகும் நார்கள் தண்டின் நடுவில்தான் இடம் வலமாகக் கடக்கின்றன. நடுவே நீர் கோத்துக் குழி விழுந்தால் முதலில் அறுபடுவது அவைதான். தொடு உணர்ச்சியின் பாதை பின்பக்கம் போவதால் அது தப்பிவிடுகிறது. பலருக்கு இதன் மூலகாரணம் கழுத்தில் இல்லை, மண்டையின் அடியில் இருக்கிறது. சிறுமூளையின் ஒரு பகுதி மண்டையோட்டின் அடித்துளை வழியாகக் கீழே பிதுங்கி, மூளைநீர் போகும் வழியை அடைத்துக்கொண்டிருக்கும். ஹான்ஸ் கியாரி 1891இல் எழுதி வைத்ததால் அவர் பேரால் வழங்குகிறது. பிடரி எலும்பில் கொஞ்சம் எடுத்து இடம் கொடுத்தால், தண்டுவடத்தைத் தொடாமலேயே உள்ளே குழி சுருங்குகிறது. உணர்ச்சியற்ற கை, ஆறாத புண் என்றதும் தொழுநோய் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் நம் நாட்டில் உண்டு.

◆ சூடான பாலை ஊதிக் குடிக்கும்போது குழந்தைக்கு ஒரு கை கொஞ்ச நேரம் துவண்டு, பிறகு சரியாகிறதா? தேம்பித் தேம்பி அழுத பிறகும் அப்படியே ஆகிறதா? மோயாமோயா என்ற அபூர்வ நோயின் அடையாளம் அது. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்க, ஈடுகட்டப் பொடிப்பொடியான குழாய்கள் முளைத்துப் படத்தில் புகைமூட்டம்போல் தெரியும். வேகமாக ஊதும்போது உடம்பில் கரியமிலவாயு குறைகிறது. அது குறைந்தால் மூளைக் குழாய்கள் இன்னும் இறுகும். கை துவள்வது அதனால்தான். ஜப்பானில் 1957இல் முதலில் எழுதப்பட்டது. வைத்தியம், தலைத்தோலில் ஓடும் ஒரு தமனியை மண்டையோட்டைத் திறந்து மூளையின் தமனியோடு தைப்பது. தைக்கும் நூல் தலைமயிரைவிட மெல்லியது.

◆ இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவு டில்லியிலோ பம்பாயிலோ தொடங்கவில்லை. மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்த ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில் தொடங்கினார். மறு ஆண்டே, இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்று திரும்பிய பா. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கினார். சீர்காழியில் பிறந்தவர். 1951இல் இந்திய நரம்பியல் சங்கம் சென்னையில் உருவானபோது இருந்தவர்கள் நாலே பேர்: சாண்டி, ராமமூர்த்தி, நரம்பியல் மருத்துவர்கள் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங்.

◆ ஸ்கேன் இல்லாத அந்தக் காலத்தில் மூளைக் கட்டியை எப்படிப் பார்த்தார்கள்? காற்று ஊதித்தான்! மண்டையில் துளையிட்டு மூளைநீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். காற்று கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு ஒருபக்கம் நசுங்கியிருந்தால் கட்டி அந்தப் பக்கம். அமெரிக்காவில் வால்ட்டர் டாண்டி 1918இல் தொடங்கியது. லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927இல் கழுத்துத் தமனியில் மருந்து செலுத்திப் படம் எடுத்தார். இரண்டுமே நோயாளிக்குப் பெரும் அவஸ்தை. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளி சி.டி. ஸ்கேனுக்குள் தலையை வைத்தார். அதைச் செய்தது இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனியின் எஞ்சினியர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. டாக்டர் பட்டம் இல்லாத அவருக்கு 1979இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

◆ இந்தியாவின் முதல் பெண் நரம்பு அறுவை நிபுணர் சென்னைக்காரர், டி.எஸ். கனகா. 1968இல் பட்டம் பெற்றார். 1962 சீனப் போரின்போது ராணுவ மருத்துவராகப் போய் வந்தவர். மூளைக்குள் நிரந்தரமாக மின்முனை பொருத்தும் வேலையை இந்தியாவில் 1970களிலேயே செய்தவர். நூறு தடவைக்கு மேல் ரத்ததானம் செய்ததற்காக லிம்கா சாதனைப் புத்தகத்திலும் இடம்பிடித்தார். 2018இல் காலமானார். பள்ளிப் பாடப்புத்தகத்தில் இவருக்கு ஒரு பக்கம் தாராளமாகக் கொடுக்கலாம்.

◆ பெருமையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சங்கடமும் ஒன்று உண்டு. கட்டுக்கடங்காத ஆவேசம் கொண்ட நோயாளிகளுக்கு மூளையின் ஆழத்தில் சிறு புள்ளிகளைச் சுட்டு அழிக்கும் அறுவை, ராமமூர்த்தி குழுவினரால் சென்னையில் நூற்றுக்கணக்கில் செய்யப்பட்டது. உலக மாநாடுகளில் பேசப்பட்ட வேலை அது. குடும்பங்கள் கதறிக்கொண்டு கூட்டிவந்ததும் உண்மை. மருந்துகள் குறைவாக இருந்த காலம் என்பதும் உண்மை. ஆனாலும் அந்தக் கட்டிலில் படுத்திருந்தவரின் சம்மதம் எங்கே என்று இன்று கேட்காமல் இருக்க முடியாது. நுணுக்கமான கை இருந்தது என்பதற்காக அந்தக் கேள்வியை விட்டுவிடுவதற்கில்லை.

◆ நம் ஊர்ப் பேர் தாங்கிய நரம்பு நோய் ஒன்று உண்டு: மதராஸ் இயக்க நரம்பு நோய். இளம் வயதிலேயே கை கால் மெலிந்து, முகமும் நாக்கும் தளர்ந்து, காதும் மந்தமாகும். 1970இல் சென்னை டாக்டர்கள் எழுதினார்கள். பெரும்பாலும் தென்னிந்தியாவிலேயே காணப்படுவது. இதில் கத்திக்கு வேலையில்லை. பிறகேன் இங்கே என்றால், அடுத்த செய்திக்காக.

◆ இருபது வயதுப் பையனுக்கு ஒரு கை மட்டும் மெலிகிறது. குளிரில் விரல் விறைத்து எழுத வராது. இயக்க நரம்பு நோய் என்று சொன்னால் வீடே இடிந்து உட்கார்ந்துவிடும். ஆனால் 1959இல் ஜப்பானின் ஹிராயாமா எழுதிய வேறொரு நோயும் இதே வேஷத்தில் வரும். அதில் கோளாறு கழுத்தைக் குனியும்போது மட்டும் நடக்கிறது. தண்டுவடத்தின் உறை பின்னாலிருந்து முன்னே தள்ளி நரம்பை நசுக்குகிறது. நேராகப் படுக்க வைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் அது தெரியாமலே போகலாம். கழுத்தைக் குனியவைத்தும் ஒரு படம் எடுக்க வேண்டும். பலருக்குக் கழுத்துப் பட்டை போதும், சிலருக்கு அறுவை. சில ஆண்டுகளில் நோய் தானே நின்றும் விடும்.

◆ முதுகெலும்புக் காசநோய் நம்மிடையே அபூர்வமில்லை. ஆனால் அதில் சென்னை செய்த ஒரு காரியம் அபூர்வம். எலும்பை அரித்துக்கொண்டிருக்கிறது, திறந்து சீழும் செத்த எலும்பும் எடுத்துவிட்டு விலா எலும்பை வைத்து அடைப்பதே சரி என்று ஹாங்காங் முறை அன்று கோலோச்சியது. சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி மையம் அந்த அறுவையை மாத்திரையோடு நேருக்கு நேர் நிறுத்தியது. கால் விழாத நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அறுவையும் மாத்திரையும், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. அவர்கள் படுக்கையில்கூட இருக்க வேண்டாம், நடமாடலாம். பத்து ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். நம் ஊரில் ஒருவரின் விலாசம் பத்து ஆண்டில் எத்தனை தடவை மாறும் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். முடிவு: மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள் எந்த வகையிலும் பின்தங்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. நோய் ஆறிய பிறகும் சில குழந்தைகளுக்கு மட்டும் வளர வளர முதுகு கூனிக்கொண்டே போனது. எந்தக் குழந்தைக்குக் கூனும், எதற்குக் கூனாது? கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் பல்லாண்டு எக்ஸ்ரேக்களை வரிசைப்படுத்திப் பார்த்து, ஆரம்பப் படத்திலேயே தெரியும் நாலு அடையாளங்களைச் சொன்னார். அவை இருக்கும் குழந்தைக்கு முன்கூட்டியே அறுவை, இல்லாத குழந்தைக்கு வேண்டாம். இன்று உலகமெங்கும் முதுகெலும்பு டாக்டர்கள் படிக்கும் பாடம் இது.

◆ தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல்லில் காவி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதே தண்ணீர் பல ஆண்டுகள் உள்ளே போனால் முதுகெலும்பும் தசைநார்களும் தடித்து இறுகி, தண்டுவடம் போகும் குழாய் குறுகும், கால் மரத்துப்போகும். நெருக்கத்தை விடுவிக்கத் திறக்கும்போது எலும்பு தந்தம்போல் இறுகியிருக்கும் என்பார்கள். 1937இலேயே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் ஆய்வாளர்கள், அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர்ப் பகுதியைப் பார்த்து எழுதிவிட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டது 2013இல். எழுதியதற்கும் குழாயில் தண்ணீர் வந்ததற்கும் நடுவே எழுபத்தாறு ஆண்டுகள்.

◆ குழந்தைக்கு இடுப்புக்குக் கீழே முதுகின் நடுவில் முடிக்கற்றை, குழி, கொழுப்புத் திரட்சி, அல்லது வால்போல் ஒரு நீட்சி இருக்கிறதா? அனுமார் அம்சம் என்று கும்பிட்டுவிட்டு அப்படியே விட வேண்டாம். உள்ளே தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டிருக்கலாம். குழந்தை உயரமாக வளரும்போது அது இழுபட்டு, நடை கோணும், சிறுநீர் அடங்காது. எம்.ஆர்.ஐ. எடுத்து, நேரத்தில் விடுவித்தால் மேற்கொண்டு கெடாமல் காக்கலாம்.

◆ கரு உண்டான 28 நாளுக்குள் தண்டுவடக் குழாய் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் முதுகு பிளந்த குழந்தை. 28 நாளில் பல பெண்களுக்குத் தாம் உண்டாகியிருப்பதே தெரியாது. அதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். முன்பு இப்படிக் குழந்தை பிறந்த தாய்மார்களிடம் செய்து 1991இல் வெளியான ஆய்வில், மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது.

◆ மூளையில் நீர் கோத்த குழந்தையைக் கண்டுபிடிக்க உதவும் மலிவான கருவி, தையல்காரர் டேப். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர். மாதாமாதம் அளந்து எழுதினால், வேகமாக ஏறும் தலை உடனே மாட்டிக்கொள்ளும். பிறகு ஒரு மெல்லிய குழாய் வைத்து நீரை வயிற்றுக்குத் திருப்பிவிடுவார்கள். வால்வோடு கூடிய அந்தக் குழாயை 1950களில் செய்தவர் ஜான் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கத் தொழிற்கூடக்காரர், தன் மகனுக்காக. குழந்தைக் கதை எழுதிய ரோல்டு டாலும் தன் மகனுக்காக, பொம்மை விமான எஞ்சின் செய்பவர் ஒருவரையும் டாக்டர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு இன்னொரு வால்வு செய்தார். உத்தரப் பிரதேசம் ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா குழாயின் விலை 35 டாலர், வெளிநாட்டுக் குழாய் 650 டாலர் என்றிருந்தபோது, உகாண்டாவில் 195 குழந்தைகளுக்கு இரண்டையும் வைத்து ஓராண்டு ஒப்பிட்டார்கள். 2005இல் வெளியான முடிவு: வித்தியாசம் ஒன்றுமில்லை.

◆ தாத்தா காலைத் தரையில் ஒட்டினாற்போல் இழுத்து இழுத்து நடக்கிறார். சிறுநீர் அடங்கவில்லை. மறதி. வயசாகிவிட்டது என்று மூன்றையும் தனித்தனியாக ஒதுக்கிவிடுகிறோம். மூன்றும் சேர்ந்தால் மூளைநீர்த் தேக்கமாக இருக்கலாம் என்று கொலம்பியாவின் சலோமோன் ஹாக்கிம் 1960களில் காட்டினார். முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டு நடக்கச் சொல்வார்கள். நடை தெளிந்தால் குழாய் வைக்கலாம். திரும்பக்கூடிய மறதிகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

◆ பல் துலக்கினால், காற்றுப் பட்டால், முகம் மழித்தால் கன்னத்தில் மின்னல் வெட்டினாற்போல் வலி. பல் என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியவர்கள் இருக்கிறார்கள். பல் போகும், வலி போகாது. மண்டைக்குள் முகத்தின் உணர்ச்சி நரம்பின் மேல் ஒரு தமனி உராய்ந்து துடித்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே டெஃப்லான் துண்டு ஒன்றை வைத்துப் பிரிப்பது அமெரிக்கர் பீட்டர் ஜனெட்டா பரப்பிய அறுவை.

◆ வயது நாற்பது. மோதிரம் இறங்கவில்லை, செருப்பு அளவு ஏறிக்கொண்டே போகிறது. மூளையின் அடியில் பிட்யூட்டரிக் கட்டி வளர்ச்சி நீரைக் கூடுதலாகச் சுரக்கலாம். டாக்டர் பழைய போட்டோ கேட்பார். தினமும் கண்ணாடி பார்க்கிறவருக்குத் தன் தாடையும் மூக்கும் தடித்தது தெரியாது. பத்து வருஷத்துக்கு முந்தைய வாக்காளர் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். (அந்த அட்டைப் படத்தில் யாரும் தம் முகம்போல் இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.) கட்டியை மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம், 1907இலேயே ஆஸ்திரியாவில் அந்த வழி திறந்தாகிவிட்டது.

◆ தலையும் கழுத்தும் சேருமிடத்தில் முதல் இரண்டு எலும்புகள் விலகுவது இந்தியாவில் அதிகம் பார்க்கப்படும் கோளாறு. கழுத்து குட்டையாக, பிடரி மயிர் தாழ்ந்து இருப்பது ஓர் அடையாளம். பக்கத்திலேயே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஓடுவதால் அங்கே திருகாணி போட எல்லாரும் தயங்கினார்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல் 1994இல் வழி காட்டினார். ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001இல் அதை மேம்படுத்தினார். மாநகராட்சி ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய திருகாணி அது.

◆ மூளையைத் தொட்டால் வலிக்காது. தோலும் உறையும்தான் வலிக்கும். அவற்றை மரத்துப்போகச் செய்துவிட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே கட்டியை எடுக்கலாம். பேச்சு குழறினால் கத்தி நிற்கும். 2017இல் பெங்களூரில் கிதார் கலைஞர் ஒருவர் அறுவை மேஜையில் கிதாரை வாசித்துக்கொண்டே படுத்திருந்தார். வாசிக்கும்போது மட்டும் விரல் இழுத்துக்கொள்ளும் அபூர்வக் கோளாறு அவருக்கு. மூளையின் ஆழத்தில் சரியான புள்ளியைச் சுட்டபோது விரல் விடுபட்டதை அவரே வாசித்துச் சொன்னார்.

◆ சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் கருவிலிருக்கும் குழந்தை மூளையின் முப்பரிமாண வரைபடத்தை வெளியிட்டது. மெல்லிய சீவல்கள் 5,132. பேர் 'தரணி'. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

◆ விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கியது. கிழக்கே போனால் ஜிப்மர். சாலை விபத்தில் தலையிலோ முதுகிலோ அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் அது. அடிபட்டவரை ஆட்டோவில் மடித்துத் திணிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், மடிப்பதே தண்டுவடத்தை அறுத்துவிடும்.

◆ வலிப்பு வந்தவரைப் பார்க்கும் டாக்டருக்கு ஸ்கேனுக்கு முன்பே வேண்டியது, அது எந்தக் கையில் தொடங்கியது, கண் எந்தப் பக்கம் திரும்பியது என்ற தகவல். மூளையில் எந்த இடம் என்பதை அதுவே பாதி சொல்லிவிடும். எனவே ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் குத்தும் சாமான்களை அப்புறப்படுத்திவிட்டு, வாயில் எதையும் திணிக்காமல் கைபேசியில் படம் பிடியுங்கள். கூட்டத்தில் கையில் கொடுக்கச் சாவிக்கொத்து தேடி ஓடும் ஆள் ஒருவர் எப்படியும் இருப்பார். அந்த வேலையை அவரிடமே ஒப்படைக்கலாம்.